குடும்ப மலர்: அட்டவணைப் பக்கங்கள்

கார்த்திக்: நித்யா அக்கா, உடனே உதவி வேண்டும். குடும்ப மலருக்கான உறவினர் பட்டியலை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒழுங்காக அமைத்து வைத்திருந்தேன். பெரியப்பா எக்செல் கோப்பில் ஓரிரு பெயர்களைத் திருத்தி அனுப்பினார். அந்தக் கோப்போடு பக்கத்தை இணைக்கும் லிங்க்கைப் புதுப்பித்தேன். கோடு, வண்ணம், எழுத்துரு, பத்தி அகலம் எல்லாம் பறந்துவிட்டன.

பெரியப்பா: நான் பெயர்களைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

நித்யா: உங்கள் மேல் குற்றமே இல்லை பெரியப்பா. லிங்க்கைப் புதுப்பித்தால் இன்டிசைன் திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாது. அட்டவணை முழுவதையும் மறுபடி கொண்டுவந்து கொட்டும். நாம் கையால் செய்த ஒப்பனை அதோடு போய்விடும். கார்த்திக், முதலில் கொண்டுவந்தபோது எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாய்?

கார்த்திக்: வகையா? கோப்பை உள்ளே கொண்டுவரும் பிளேஸ் கட்டளையைக் கொடுத்தேன், வந்தது.

நித்யா: பிளேஸ் பெட்டியில் "ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால்தான் எந்த ஷீட், எந்த அறையிலிருந்து எந்த அறை வரை, எப்படிப்பட்ட அட்டவணை என்று கேட்கும். அதில் "ஃபார்மேட்டட் டேபிள்" என்றால் எக்செல் ஒப்பனையும் கூடவே வரும். "அன்ஃபார்மேட்டட் டேபிள்" என்றால் வெறும் அட்டவணை வரும். அதற்கு மட்டும் நாம் முன்பே செய்துவைத்த டேபிள் ஸ்டைலை, அதாவது அட்டவணைக்கான ஒப்பனைத் தொகுப்பை, அங்கேயே மாட்டிவிடலாம். உனக்கு இரண்டாவதுதான்.

மாலா அத்தை: எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனாலும் படிக்கச் சுவையாக இருக்கிறது, நிறுத்தாதே.

பெரியப்பா: கொஞ்சம் பொறு அம்மா. வெறும் அட்டவணை என்றால் என் வண்ணங்கள்? மூத்தவர் கிளைக்கு மஞ்சள், அடுத்தவர் கிளைக்குப் பச்சை என்று ஒவ்வொரு வரிசையாகத் தீட்டியிருக்கிறேனே.

நித்யா: பார்த்தேன் பெரியப்பா, கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அவை திரைக்கான ஆர்ஜிபி வண்ணங்கள். அச்சுக்குப் போகும்போது வேறு சாயலில் விழும். அதைவிட வண்ணத்தைச் சொல்லாக மாற்றிவிடுங்கள். "கிளை" என்று ஒரு பத்தி சேர்த்து ஒவ்வொரு வரிசையிலும் கிளையின் பெயரை எழுதுங்கள். அதைப் பார்த்து கார்த்திக் கிளைக்கு ஒரு செல் ஸ்டைல் போடுவான். நாளைக்குப் பச்சை பிடிக்கவில்லை என்றால் ஸ்டைலில் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

பெரியப்பா: சரி. மனம் வரவில்லை, ஆனாலும் செய்கிறேன்.

கார்த்திக்: அக்கா, நீங்கள் சொன்னபடி கொண்டுவந்தேன். மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு தமிழே இல்லை! ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வருகின்றன.

நித்யா: பெரியப்பா, அந்தப் பகுதியைப் பழைய எழுத்துரு போட்டுத் தட்டச்சு செய்தீர்களா?

பெரியப்பா: ஆமாம். அது பழைய கணினியில் ஏற்றி வைத்திருந்த பட்டியல். அப்படியே ஒட்டினேன்.

நித்யா: அதுதான் விஷயம். பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு, மேலே தமிழ் முகமூடி. ஒப்பனையை நீக்கியதும் முகமூடி கழன்றுவிட்டது. அந்தப் பகுதியை மட்டும் யுனிகோடு மாற்றியில் (பொதுக் குறியீட்டுக்கு மாற்றித் தரும் கருவி) போட்டு எடுங்கள். எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றியும் உளறும். கார்த்திக், உன் பாராகிராஃப் ஸ்டைலில் "வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்" இருக்கட்டும். அது இல்லாமல் யுனிகோடு தமிழ் வந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும்.

கார்த்திக்: அந்தக் கொம்புச் சிக்கலும் இருந்தது! பெரியப்பாவிடம் சொல்லத் தயங்கினேன்.

சித்தப்பா: பிறந்த நாள் பத்தியில் கொள்ளுத்தாத்தா மட்டும் ஏன் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறார்? மற்றவர்கள் வலப்பக்கம் இருக்கிறார்கள்.

நித்யா: அவர் 1897இல் பிறந்தவர், அதனால்தான் சித்தப்பா. எக்செலின் நாட்காட்டி 1900 ஜனவரி 1இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அந்தப் பத்தி முழுவதையும் "டெக்ஸ்ட்" என்று மாற்றித் தேதிகளைத் திரும்பத் தட்டச்சு செய்துவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரி நிற்பார்கள். தொலைபேசி எண்ணுக்கும் அதே வைத்தியம். எண்ணாக விட்டால் முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும்.

சித்தப்பா: கொள்ளுத்தாத்தா கணினிக்கும் அடங்கவில்லை.

கார்த்திக்: இனிமேல் யாராவது திருத்தம் சொன்னால் என்ன செய்வது? மறுபடி லிங்க்கா?

நித்யா: வேண்டாம். தலைப்பு வரிசையையும் பத்தி அகலத்தையும் அமைத்து முடித்தபின் லிங்க்கைத் துண்டித்துவிடு. ஓரிரு பெயர் என்றால் நேராகப் பக்கத்திலேயே திருத்து. நிறைய இருந்தால் இன்டிசைன் பிரிஃபெரன்சஸில் கிளிப்போர்டு ஹேண்ட்லிங் போய் "டெக்ஸ்ட் ஒன்லி" வை. எக்செலில் நகலெடுத்து, இன்டிசைனில் அதே எண்ணிக்கையில் அறைகளைத் தேர்ந்தெடுத்து ஒட்டு. எழுத்து மாறும், ஸ்டைல் அப்படியே இருக்கும். அறைகளைத் தேர்ந்தெடுக்காமல் ஓர் அறைக்குள் கர்சரை வைத்து ஒட்டினாய் என்றால் மொத்தக் குடும்பமும் அந்த ஓர் அறைக்குள் குடியேறிவிடும்.

மாலா அத்தை: அது நம் வீட்டில் எப்போதும் நடப்பதுதானே!

நித்யா: 😄 இன்னொன்று. பெரியப்பா, முகவரிப் பத்தியில் ஆல்ட்டும் என்டரும் தட்டி வரி பிரித்திருக்கிறீர்கள். அவற்றைக் காற்புள்ளியாக்கிவிடுங்கள், ஒட்டும்போது வரிசை குலையாது.

பெரியப்பா: அதுவும் நானா? சரி, கோப்பை நாளை மாலைக்குள் அனுப்புகிறேன். அதற்குள் யாரும் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டாம்.

சித்தப்பா: 🙏

கார்த்திக்: அத்தை, உங்கள் வரிசையில் சிவப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. வரிசை உயரம் "எக்ஸாக்ட்லி" என்று இருந்ததால் பெயரின் கடைசிப் பகுதி மறைந்துவிட்டது. "அட் லீஸ்ட்" என்று மாற்றினேன், வந்துவிட்டது. முதலெழுத்து மா.வா, சு.வா?

மாலா அத்தை: இரண்டும் போடு.