மழைக்குப் பேஸ்மென்ட் ஷவர் வழியாகச் சாக்கடை ஏறுகிறது: நான்-ரிட்டர்ன் வால்வு போதுமா?

கேள்வி (நிலவறைவாசி):
மேற்கு லண்டன், கென்சிங்டன். விக்டோரியா காலத்து வரிசை வீடு. பேஸ்மென்ட்டில் கழிப்பறை, ஷவர், வாஷிங் மெஷின். பெருமழை கொட்டினால் முதலில் ஷவர் வடிகாலில் குமிழி வருகிறது, பிறகு கறுப்புத் தண்ணீர். மழை விட்டதும் தானே வடிகிறது. முன்பக்க மேன்ஹோலில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (நீரை வெளியே மட்டும் விடும், திரும்ப உள்ளே விடாது) போதும் என்கிறார் ஒருவர்; சுவருக்கு வாட்டர்ப்ரூஃபிங் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

கீழ்க்குழாய்:
வாட்டர்ப்ரூஃபிங்கை மறந்துவிடுங்கள். அது மண்ணிலிருந்து கசியும் நீரைத் தடுக்கும், குழாய்க்குள்ளிருந்து வருவதை அல்ல.

அடைப்பு என்றால் வெயில் நாளிலும் காட்டிக்கொடுக்கும். மழைக்கு மட்டும் ஏறுவது தெருக் குழாய் நிரம்பியதன் அடையாளம். ஆனாலும் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள். அங்கே மழைநீருக்கும் கழிவுக்கும் ஒரே குழாய். அது நிரம்பினால் தண்ணீர் சாலை மட்டம்வரை ஏறலாம். உங்கள் ஷவர் அதற்கு வெகு கீழே இருக்கிறது. 2021 ஜூலை 12 அன்று அந்தப் பகுதியில் நடந்ததும் இதுதான்.

அளவுகோல்:
மொத்த வீட்டுக்கும் சேர்த்து மேன்ஹோலில் ஒரே வால்வு ஆபத்து. தெருப்பக்கம் நிரம்பி அது மூடிக்கொண்டால், உங்கள் கூரை நீரும் மாடிக் கழிப்பறை நீரும் வெளியேற வழியில்லை. 60 சதுர மீட்டர் கூரையில் 30 மி.மீ. மழை என்றால் 1,800 லிட்டர். 40 சதுர மீட்டர் பேஸ்மென்ட்டில் அது 45 மி.மீ. நிற்கும். தெருச் சாக்கடைக்குப் பதில் சொந்தச் சாக்கடை, அவ்வளவுதான்!

மாடிக் குழாய்களும் கூரை நீரும் வால்வைத் தொடாமல் நேராகத் தெருக் குழாய்க்குப் போக வேண்டும். பேஸ்மென்ட் குழாய்களை மட்டும் பிரித்தெடுங்கள். இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டி ‘எச்’ சொல்வதும் இதையே: அபாயம் குறைவென்றால் வால்வு (இரட்டைத் தடுப்பும் கையால் மூடும் வசதியும் உள்ளது நல்லது), அதிகமென்றால் பம்ப் (பேஸ்மென்ட் கழிவை ஒரு தொட்டியில் சேர்த்து, மேலே ஏற்றித் தெருக் குழாயில் தள்ளுவது). உங்களுக்குப் பம்ப்தான்.

பம்ப்_பராமரிப்பு:
பம்ப் போடுபவர்கள் சொதப்புவது வெளியேற்றும் குழாயில். அது சாலை மட்டத்துக்கு மேலே ஏறி, வளைந்து, பிறகுதான் தெருக் குழாய்க்கு இறங்க வேண்டும். அந்த வளைவு இல்லாவிட்டால் பம்புக்கு உள்ளே இருக்கும் தடுப்பு வால்வை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். அதில் ஒரு ஈரத்துடைப்பான் சிக்கினால் போதும், பாதி திறந்தே நிற்கும்.

தொட்டிக் கணக்கு: ஆளுக்கு நாளைக்கு 150 லிட்டர், 24 மணி நேரம். நான்கு பேருக்கு 600 லிட்டர். இரண்டு பம்ப், தனி மின்சுற்று, பேட்டரி அலாரம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை திறந்து கொழுப்பை எடுங்கள். லைட்வெல் (பேஸ்மென்ட் ஜன்னலுக்கு வெளியே உள்ள திறந்த பள்ளம்) தரையிலுள்ள வடிகாலையும் தொட்டியில் சேர்க்கலாம், ஆனால் அங்கே கூரைக் குழாய் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இறங்கினால் அதைப் பிரித்துவிடுங்கள்.

நிலவறைவாசி:
நன்றி. தேம்ஸ் அடியில் போட்ட புதிய பெரிய சுரங்கக் குழாய் இதைத் தீர்க்காதா?

அளவுகோல்:
அது சாக்கடை ஆற்றில் வழிவதைப் பிடிக்கக் கட்டியது. உங்கள் தெருக் குழாயை அகலப்படுத்தாது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் பதியுங்கள். மேற்கு லண்டனின் பழைய கவுன்டர்ஸ் க்ரீக் ஓடைப் பகுதியில் பல வீடுகளுக்கு நிறுவனமே இத்தகைய பம்ப் அமைப்பைப் பொருத்தியிருக்கிறது. பதிவில் இல்லாத வீட்டை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். 2011 அக்டோபர் 1 முதல், உங்கள் எல்லைக்கு வெளியே உள்ள இணைப்புக் குழாயும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பே.

கீழ்க்குழாய்:
அதுவரை ஷவர் வடிகாலுக்குத் திருகி இறுக்கும் அடைப்பான் வாங்குங்கள். வெறுமனே செருகுவது நிற்காது: ஒரு மீட்டர் நீர் உயரம் 100 மி.மீ. குழாயில் கிட்டத்தட்ட 8 கிலோ விசையோடு தள்ளும். ஷவரை மட்டும் அடைத்தால் அடுத்துக் கழிப்பறையில் ஏறும். இரண்டையும் அடைத்துவிட்டு, வாஷிங் மெஷினையும் மாடிக் குழாய்களையும் மழை விடும்வரை தொடாதீர்கள்.