பாண்டாஸ் அட்டவணையில் நடுப் பத்திகள் புள்ளியாகிவிடுகின்றன

ரங்கூன்_கணக்கப்பிள்ளை:
ரங்கூனில் பயின்னாங் சந்தைப் பக்கம் பருப்புக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். உளுந்து, துவரை, பாசிப்பயறு எல்லாம் லாட் வாரியாக ஒரே அட்டவணையில், மொத்தம் 31 பத்தி. பைத்தானில் அட்டவணை கையாளும் பாண்டாஸ் நூலகத்தை வைத்துப் பிரிண்ட் போட்டால் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், நடுவில் மூன்று புள்ளி. ஈரப்பதமும் விசைக் கணக்கும் (விசை என்பது பர்மிய எடை அளவு) அந்தப் புள்ளிக்குள்தான் கிடக்கின்றன. முதலாளி பேரேட்டில் அடிக்கோல் வைத்துப் படித்தே பழகியவர். திரையைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பயந்து மறைக்குது?" என்று கேட்கிறார். முழுதாகக் காட்ட வழி உண்டா?

மோல்மேன்_தம்பி:
உண்டு அண்ணே. பிடி.செட்_ஆப்ஷன்('டிஸ்ப்ளே.மேக்ஸ்_காலம்ஸ்', நன்). பிடி என்பது பாண்டாஸின் சுருக்கம், நன் என்றால் வரம்பு இல்லை. போனில் தமிழ்க் கீபோர்டு, நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன்_கணக்கப்பிள்ளை:
புள்ளி போய்விட்டது தம்பி. ஆனால் அட்டவணை நாலைந்து துண்டாக உடைந்து, துண்டு முடிவில் சாய்கோடு வருகிறது. கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும்!

மோல்மேன்_தம்பி:
மன்னிக்கணும், பாதிதான் சொன்னேன். 'டிஸ்ப்ளே.வித்' 80 எழுத்தில் நிற்கிறது. அதை 1000 ஆக்குங்கள். வரிசையும் 60-ஐத் தாண்டினால் வெட்டும், அதற்கு 'மேக்ஸ்_ரோஸ்'.

பழைய_கை:
1000 வைத்தாலும் டெர்மினல் சன்னல் குறுகலாக இருந்தால் அதுவே வரியை மடக்கும். டிஎஃப்.டு_ஸ்ட்ரிங்() (டிஎஃப் என்பது உங்கள் அட்டவணை) போட்டு ஒரு ஃபைலில் எழுதி, வரி மடிக்காத எடிட்டரில் திறந்து பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஒரே ஒரு லாட்டைப் பார்க்கவா? அந்த ஒரு வரிசையை மட்டும் எடுத்து .டி போட்டுக் கவிழ்த்துவிடுங்கள். 31 பத்தியும் கீழ்நோக்கி இறங்கும், முதலாளியின் அடிக்கோலுக்கும் அதுதான் தோது. என்னைக் கேட்டால், 31-ஐயும் ஒரே திரையில் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

ரங்கூன்_கணக்கப்பிள்ளை:
கவிழ்த்தது பிரமாதம் அண்ணே, முதலாளி தலையாட்டிவிட்டார். ஒரு குறைதான்: சரக்குப் பெயர் தமிழில் இருப்பதால் முழு அட்டவணையில் பத்திகள் கோணலாக நிற்கின்றன.

பழைய_கை:
'உளுந்து' நம் கண்ணுக்கு நாலு எழுத்து. பைத்தானிடம் லென் (நீளம்) கேளுங்கள், 7 என்னும். புள்ளியையும் உகரக் கொக்கியையும் தனித்தனியாக எண்ணும். அந்தக் கணக்கில் இடம் விடுவதால்தான் கோணல். பர்மிய எழுத்துக்கும் இதே வினை. டு_எச்டிஎம்எல் போட்டு வலைப்பக்கமாக்கி பிரவுசரில் திறவுங்கள், அங்கே ஒவ்வொன்றும் தன் கட்டத்தில் நிற்கும்.

ரங்கூன்_கணக்கப்பிள்ளை:
கரண்ட் போய்விட்டது, போனில் இருந்து அடிக்கிறேன். ஜெனரேட்டர் போட்டதும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.