உடையார்குடிக் கல்வெட்டு: உத்தம சோழரைச் சந்தேகிக்க அதில் இடம் இருக்கிறதா?

கொள்ளிடக்கரை:
சுந்தர சோழரின் மூத்த மகனும் ராஜராஜனின் அண்ணனுமான ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே, வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர் மேல் வீண்பழி போட்டுவிட்டார் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணங்களைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கட்டும்.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கும் கல்வெட்டு (கல்வெட்டுத் துறையின் 1920ஆம் ஆண்டறிக்கை, எண் 577) கோராஜகேசரிவர்மரின் 2ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் அனுப்பிய ஸ்ரீமுகம், அதாவது அரசாணை, அதில் இருக்கிறது. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை’க் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன், மலையனூரான் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிக்கச் சொல்கிறது ஆணை. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985 நடுவில். 2ஆம் ஆண்டு என்றால் 986-87.

கொலை நடந்தது 969 வாக்கில். இடையில் ஆண்டவர் உத்தம சோழர். இளவரசனைக் கொன்றவர்கள் ஊரும் பெயரும் தெரிந்தவர்கள். அவர்களில் இருவர் பிரம்மாதிராஜர்கள், அதாவது உயர் அதிகாரிகள். அப்படியிருந்தும் ஏறத்தாழ 16 ஆண்டுகள் அவர்கள் நிலபுலத்தோடு இருந்திருக்கிறார்கள். ராஜராஜன் வந்த இரண்டாம் ஆண்டிலேயே ஆணை பிறக்கிறது. இத்தோடு திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் சேருங்கள். ஆதித்தன் மறைந்ததும் குடிமக்கள் அருள்மொழிவர்மனை (பின்னாள் ராஜராஜன்) அரசேற்கச் சொன்னார்கள், சிற்றப்பனுக்கு (உத்தமருக்கு) ஆட்சியில் ஆசை இருக்கும்வரை அவன் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்கிறது அது. கொலையால் பலன் பெற்றவர் யார், கொலையாளிகள் யார் ஆட்சியில் தப்பித்திருந்தார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான் வருகிறது. சாஸ்திரியாரும் சந்தேகம் என்ற அளவில்தான் சொன்னார்.

பழங்கற்படி:
நண்பரே, கல்வெட்டில் இருப்பதைச் சரியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் ‘16 ஆண்டுகள் நிலபுலத்தோடு இருந்தார்கள்’ என்ற வரி கல்வெட்டில் இல்லை. அது நீங்கள் சேர்த்தது. உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

ஊகிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘ராஜராஜனின் 2ஆம் ஆண்டு’ என்பதும் ஊகம்தானே? கல்லில் ராஜராஜன் பெயரே கிடையாது, ராஜகேசரி என்று மட்டும் இருக்கிறது. சோழர்கள் பரகேசரி, ராஜகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். சுந்தர சோழர் ராஜகேசரி, ஆனால் அவருடைய 2ஆம் ஆண்டில் ஆதித்தன் உயிரோடு இருந்தான். உத்தமர் பரகேசரி. அடுத்த ராஜகேசரி ராஜராஜன். அதற்கடுத்தவன் முதலாம் ராஜாதிராஜன், அவனுடைய 2ஆம் ஆண்டு 1020 வாக்கில் வரும், பொருந்தாது. வேறு வாய்ப்பு எதுவும் மிஞ்சாததால் இந்த ஊகம் நிற்கிறது. 16 ஆண்டுக் கதைக்கு இப்படி ஒரு வடிகட்டல் நடந்திருக்கிறதா?

இன்னொன்று. இது கொலை வழக்கின் தீர்ப்பு அல்ல. கல்வெட்டின் பிற்பகுதி அந்தக் குடும்பத்து நிலம் கைமாறி அறத்துக்கு வைக்கப்பட்டதைச் சொல்கிறது. கோயில் சுவரில் வெட்டப்பட்டதே அதற்காகத்தான். நிலத்தை வாங்கி அறம் வைத்தவருக்கு, நாளைக்கு யாரும் உரிமை கேட்டு வரக்கூடாது. அதனால் நிலம் எப்படிச் சபையின் கைக்கு வந்தது என்பதற்கு மூல ஆணை அங்கே படியெடுத்து வைக்கப்பட்டது. ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, காவல் நிலையத்தில் புகார் பதிவான நாள் இதுதான் என்று சொன்னால் எப்படி? அந்தத் தவறுதான் இங்கே நடக்கிறது. இந்த ஊரில், இந்த நிலம், இந்த ஆண்டில் கைமாறியது. இவ்வளவுதான் உறுதி. கொலையாளிகளுக்கு முன்பே என்ன தண்டனை கிடைத்தது, வேறு ஊர்களில் அவர்களுக்கு இருந்த நிலம் எப்போது போனது என்பதற்கு இந்தக் கல்லில் விடை கிடையாது.

தஞ்சை வாசகன்:
முன்பே தண்டனை கிடைத்திருந்தால் அதற்கு ஒரு கல்வெட்டாவது இருக்க வேண்டாமா? உத்தமர் காலத்தில் கல்வெட்டுக்குப் பஞ்சமே இல்லையே. உத்தமரின் தாய் செம்பியன் மாதேவியார் எடுத்த கற்றளிகள் (கற்கோயில்கள்) மட்டும் எத்தனை!

பழங்கற்படி:
இந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. ‘உத்தமர் காலக் கல்வெட்டுகளில் இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால், முதலில் உத்தமர் காலக் கல்வெட்டுகள் எவை என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அங்கேயே சிக்கல் தொடங்குகிறது.

‘கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு 8ஆவது’ என்று மட்டும் இருக்கும் கல்வெட்டுகள் நிறைய. முதலாம் பராந்தகர் பரகேசரி, அரிஞ்சயர் பரகேசரி, ஆதித்த கரிகாலன் பரகேசரி, உத்தமரும் பரகேசரி. ‘மதிரை (மதுரை) கொண்ட’ என்று வந்தால் பராந்தகர். ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்று வந்தால் ஆதித்தன். இந்த அடைமொழி எதுவும் இல்லையென்றால் என்ன செய்வது? அரசியர் பெயர், அதிகாரிகள் பெயர், கலியாண்டு, எழுத்தமைதி (எழுத்தின் வடிவம்) என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்க வேண்டும். எழுத்தமைதியை வைத்து ஐம்பது ஆண்டு இடைவெளிக்குள் காலத்தைக் கறாராகச் சொல்ல முடியாது. ஆட்சியாண்டு 5க்கு மேல் போனால் ஆதித்தனும் அரிஞ்சயரும் விலகுவார்கள். பராந்தகரும் உத்தமரும் அப்படியே நிற்பார்கள். இப்படி யாருடையது என்று முடிவாகாமல் கிடக்கும் பரகேசரிக் கல்வெட்டுகளைத் தனியாக எடுத்து வைக்காமல், ‘அவர் காலத்தில் ஒன்றுகூட இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, அழிவு. அம்மையார் கற்றளி எடுத்தார் என்றால் அங்கே முன்பிருந்த செங்கல் கோயில் பிரிக்கப்பட்டது என்று பொருள். திருக்கோடிகாவலில் பழைய கல்வெட்டுகளைத் திரும்ப வெட்டி, ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ (பழைய கல்லின் நகல்) என்று குறித்து வைத்தார்கள். அந்த அக்கறை எல்லா ஊரிலும் இருந்ததாகச் சொல்ல முடியாது. பிற்காலத் திருப்பணிகளில் போனது வேறு. இப்போதும் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்த கோயில்களில் போய்ப் பாருங்கள், வெட்டின் விளிம்பு மழுங்கி எழுத்து இருந்த இடம் தடவினால்தான் தெரியும்.

எல்லைக்கல்:
இரு தரப்பும் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு வழி இருப்பதால் குறுக்கே வருகிறேன்.

பிரமதேய ஊர்களில், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊர்களில், நிலத்துக்கு முகவரி உண்டு. இன்ன வதிக்கு (பாதைக்கு)க் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று (கிளைவாய்க்கால்) இத்தனையாம் சதிரம் (சதுர நிலத்துண்டு), அதில் இத்தனை மா என்று வரும். நான்கெல்லையும் பக்கத்து நிலத்துக்காரர் பெயரோடு சொல்லப்படும். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தின் மற்ற கல்வெட்டுகளில் வரும் நில விவரங்களை வதி, வாய்க்கால் வாரியாக ஒரு அட்டவணையில் போடுங்கள். அதில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். 985க்கு முந்திய கல்வெட்டு எதிலாவது இந்த நால்வரோ அவர்கள் உறவினரோ நிலத்துக்காரராக வருகிறார்களா? சபைப் பொறுப்பிலோ கையெழுத்திட்டவர் வரிசையிலோ வருகிறார்களா? அவர்கள் நிலம் எல்லையாகச் சுட்டப்படும்போது யார் பேரில் இருக்கிறது? 975இல் வெட்டிய ஒரு கல்லில் ரவிதாசன் பேரில் நிலம் இருந்தால் கொள்ளிடக்கரை சொல்வது வலுப்படும். அதே சதிரம் சபைப் பொதுவாக வந்தால் பழங்கற்படி சொல்வது வலுப்படும்.

இதைச் செய்யும்போது அச்சில் வந்த பாடத்தை மட்டும் நம்பக்கூடாது, கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த மைப்படியைப் பார்க்க வேண்டும். சோழர் காலத் தமிழ் எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இடமாட்டார்கள். எகர ஏகாரம், ஒகர ஓகாரம் ஆகியவற்றுக்கு வேறுபாடு கிடையாது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே கோடு. ஆட்பெயரில் இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரே பெயரை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பார்கள். எண்களில் இன்னும் மோசம், மாக்காணி, முந்திரிகை போன்ற பின்ன அளவுக் குறிகள் பாதி தேய்ந்திருந்தால் அளவே மாறிவிடும்.

புதிதாகப் படியெடுப்பதென்றால், முதலில் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இரும்புக் கம்பித் தூரிகை போடாமல் எடுக்க வேண்டும். தாளை நனைத்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்றி, மயிர்த்தூரிகையால் செங்குத்தாகத் தட்டித் தாளை எழுத்துக்குள் இறக்க வேண்டும். ஈரம் பாதி வற்றிய பிறகே மை ஒற்ற வேண்டும். ஈரத்தோடு ஒற்றினால் மை பள்ளத்துக்குள் ஊறி எழுத்து நிரம்பிவிடும். முழுக்கக் காய விட்டால் தாள் கல்லைவிட்டுப் பிரிந்து வரி நகரும். கல்லின் மேலே இருக்கும் பொளிப்புத் தழும்பும் (உளி கொத்திய தடம்) எழுத்துக் கோடும் ஒரே மாதிரி வெள்ளையாக விழும் இடங்களில், சாய்வு வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

கொள்ளிடக்கரை:
எல்லைக்கல் சொன்ன சோதனையை ஏற்கிறேன். ஆனால் பழங்கற்படி ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். திருவாலங்காட்டுச் செப்பேட்டைத் தொடவே இல்லை. ராஜராஜனின் மகன் ராஜேந்திரனின் 6ஆம் ஆண்டில் அரசவைக் கவி ஒருவர் அதில் பாடுகிறார். தன் அரச குலத்தைப் புகழ வந்தவர், சிற்றப்பனுக்கு ஆசை இருந்தது என்று ஏன் சொல்ல வேண்டும்? தன் தரப்புக்குச் சங்கடமான ஒன்றைச் சான்று தானே சொன்னால் அதற்கு எடை அதிகம். வரலாற்று ஆய்வில் இது பழைய விதி. கொலையை ‘சுவர்க்கத்தைக் காணும் ஆசையால் மறைந்தான்’ என்று பூசி மெழுகிய அதே கவி, ஆசையை மட்டும் மறைக்கவில்லை.

பழங்கற்படி:
தாண்டவில்லை, வருகிறேன். அந்தச் செய்தி ராஜேந்திரன் தரப்புக்குச் சங்கடமானதா என்று முதலில் கேளுங்கள். கவிக்குத் தீர்க்க வேண்டிய சிக்கல் வேறு. அண்ணன் இறந்தபோது தம்பி அருள்மொழி இருந்தும், ஏன் இன்னொரு கிளை ஆண்டது? ‘கேட்டார்கள், அவன்தான் தருமம் அறிந்து விட்டுக்கொடுத்தான்’ என்றால் ராஜராஜன் உயர்ந்துவிடுகிறான். ஆக அந்தச் சுலோகம் அவர்களுக்கு ஆதாயம். உங்கள் விதி இங்கே செல்லாது. அதுவும் கொலை நடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, வடமொழிக் காவிய நடையில் எழுதியது. அடுத்த சுலோகத்தில், அருள்மொழியின் உடலில் திருமாலின் அடையாளங்களைக் கண்டு மதுராந்தகனான உத்தமனே அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான் என்று வருகிறது. ஒரு சுலோகத்தை எடுத்துக்கொண்டு அடுத்ததை விட முடியாது.

வரலாற்றாசிரியர் சதாசிவப் பண்டாரத்தார் கேட்டதையும் பாருங்கள். உத்தமரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் உயர்பொறுப்பில் இருந்தான், கோயில் நிர்வாகத்தை விசாரித்தான். தமையனைக் கொன்றவனின் மகனுக்கு இந்த இடம் கிடைக்குமா? உத்தமரின் தாய் செம்பியன் மாதேவியார் 1001 வரை அரச குடும்பத்தில் மதிப்போடு வாழ்ந்தார். இன்னும் ஒன்று: சாஸ்திரியாரின் காலக்கணக்குப்படியே சுந்தர சோழர் 973 வரை இருந்தார். மகனைக் கொன்றவர்களைத் தந்தையும் தண்டித்ததாகக் கல்வெட்டு கிடைக்கவில்லை. மௌனம் குற்றத்துக்கு அடையாளம் என்றால் அந்தத் தந்தையையும் அல்லவா சேர்க்க வேண்டும்?

தஞ்சை வாசகன்:
அப்படியானால் கொலைக்குக் காரணம்? ‘பஞ்சவன்’ என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். பஞ்சவன் பிரம்மாதிராஜன் பாண்டிய அரசில் பட்டம் பெற்றவன். பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையை ஆதித்தன் கொய்ததற்குப் பழி வாங்கினார்கள். இதுதான் நேரான விளக்கம்.

கொள்ளிடக்கரை:
இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பாண்டியனை வென்ற பிறகு சோழர்களே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ராஜராஜனின் தேவியே பஞ்சவன் மாதேவி. ராஜேந்திரன் இளவரசனாக இருந்தபோது பஞ்சவன் மாராயன். ரவிதாசனின் உடன்பிறந்தவன் பரமேசுவரன் இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்று சோழப் பட்டத்தைச் சுமக்கிறான். ஒரே வீட்டில் ஒருவன் பாண்டிய அதிகாரி, இன்னொருவன் சோழ அதிகாரி என்று பிரிப்பதைவிட, இருவரும் சோழ அரசில் இருந்தார்கள் என்று கொள்வதுதான் எளிது. அப்படியானால் கொலை உள்ளிருந்து நடந்தது.

பழங்கற்படி:
பட்டத்தை வைத்துப் பாண்டியர் கை என்று முடிவு கட்ட முடியாது, இதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் உள்ளிருந்து நடந்தது என்பதிலிருந்து உத்தமருக்குத் தாவுவதற்கு இன்னொரு படி வேண்டும், அதற்குத்தான் ஆதாரம் கேட்கிறேன். யார் ஏவினார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லவே இல்லை, ஏவல் என்று ஒன்று இருந்ததா என்பதையும் சொல்லவில்லை.

கொள்ளிடக்கரை:
உத்தமரின் மகனுக்குப் பதவி கொடுத்ததை உத்தமர் குற்றமற்றவர் என்பதற்கு அடையாளமாகப் படிக்கிறீர்கள். கண்டராதித்தன் உத்தமரின் நேர் மகன், அவனுக்கு அரியணை போகவில்லை. உரிமை கோரக்கூடிய ஒருவனைக் கண்பார்வையில் கோயில் விசாரணைக்கு வைத்துக்கொள்வது அரசியலில் புதிதல்ல. உங்கள் சான்றும் இருபக்கம் வெட்டுகிறது. சுந்தர சோழர் பற்றிய கேள்வி மட்டும் கனமானது, ஆனால் அப்போது அதிகாரம் எவ்வளவு தூரம் அவர் கையில் இருந்தது என்பதும் பார்க்க வேண்டியது. ‘சந்தேகத்துக்கு இடமுண்டு’ என்ற அளவில் நான் நிற்கிறேன்.

எல்லைக்கல்:
ஆணையில் கண்காணியாக (மேற்பார்வையாளராக) வரும் கொட்டையூர்ப் பிரம்மஸ்ரீராஜன், புள்ளமங்கலத்துச் சந்திரசேகரன் இருவரையும் யாராவது வேறு கல்வெட்டுகளில் தேடியிருக்கிறீர்களா? அவர்கள் உத்தமர் காலத்திலேயே இதே பொறுப்பில் இருந்திருந்தால், பறிமுதல் வேலை ராஜராஜனுக்கு முன்பே தொடங்கியிருக்க வாய்ப்பு உண்டு. கொட்டையூரும் புள்ளமங்கலமும் கும்பகோணம், பசுபதிகோயில் பக்கத்து ஊர்கள். அந்த இரண்டு ஊர்க் கோயில்களின் பரகேசரிக் கல்வெட்டுகளில் 10 முதல் 16 வரை ஆட்சியாண்டு உள்ளவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்து நில அட்டவணையை நீங்கள் இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள்.