திருவொற்றியூரிலிருந்து சிங்கப்பூர்: பயண நேரத்தை எண்ணும் முறை

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மாசித் திருவிழா முடிந்ததும் பெற்றோரைச் சிங்கப்பூருக்கு அழைத்துவர இருக்கும் தங்கை ஒருவர், பயணச்சீட்டில் புறப்பாடு இரவு 11.30 என்றும் வருகை காலை 6.15 என்றும் இருப்பதைக் கண்டு, முழங்கால் வலியுள்ள அம்மாவால் ஏழு மணி நேரம் உட்கார முடியுமா என்று கேட்டிருந்தார். அவ்வளவு நேரம் ஆகாது. புறப்பாடு இந்திய நேரத்திலும் வருகை சிங்கப்பூர் நேரத்திலும் அச்சிடப்படுகின்றன. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், பயணம் 4 மணி 15 நிமிடம்தான். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரமும் அதற்குள் அடக்கம்.

ஊர் திரும்பும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. இரவு 8 மணிக்கு ஏறி 9.30க்கு மீனம்பாக்கத்தில் இறங்குவதாகச் சீட்டு காட்டும்; ஒன்றரை மணி நேரம்தானே என்று எண்ணிச் சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இரவு உணவையும் மாத்திரையையும் வீட்டுக்குத் தள்ளிவைத்தால், உண்மையில் நான்கு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க நேரும்.

இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். வங்கக் கடலைத் தென்கிழக்காகக் கடந்து, பெரிய நிக்கோபார் தீவை ஒட்டி, சுமத்ராவின் வடமுனை வழியாக மலாக்கா நீரிணைப் பக்கம் செல்லும் பாதை அது. தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவின் மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958இல் விளக்கி எழுதிய காற்றோட்டம் இது. அந்த மாதங்களில் சென்னை நோக்கி வரும் விமானத்தை அது பின்னின்று தள்ளும். சிங்கப்பூர் செல்லும் விமானத்துக்கோ எதிர்க்காற்றாகும்.

நம் தாத்தாக்கள் சென்னைத் துறைமுகத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறி, நாகப்பட்டினமும் பினாங்கும் தொட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்துப் போன ஊர் இது. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. அன்று நேர வேறுபாடும் இரண்டு மணிதான். 1982 தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியதால் இரண்டரை ஆயிற்று.

பெற்றோரை உண்மையில் களைப்படையச் செய்வது தரைவழி நேரம் என்பதே என் அனுபவம். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் காரில் இரண்டு மணி நேரமும் போதாது. ஆகவே பெட்டிகள் குறைவாக இருந்தால் தேரடியில் மெட்ரோ ஏறுவதே நல்லது. வண்டி மாறாமல் சுமார் ஒரு மணி நேரத்தில் விமான நிலையம் வந்துவிடும். மாலை 6.30க்கு வீட்டைப் பூட்டினால், சிங்கப்பூரில் குடிநுழைவு முடித்து மகள் வீட்டை அடையும்போது அங்கே காலை 8 மணி, இந்தியக் கணக்கில் விடியற்காலை 5.30, ஆக மொத்தம் பதினொரு மணி நேரம்.

தங்கை, அம்மா அப்பாவின் மாத்திரை வேளைகளை எனக்கு எழுதுங்கள். எது வீட்டில், எது விமானத்தில் என்று இரு ஊர் நேரத்தையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புகிறேன். அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடலாம்.

அன்புடன்,
தேரடித் தெரு அண்ணன், சிங்கப்பூர்