ஒரே சால்ட்டில் அலுமினியமும் கால்சியமும் காட்டுகிறது, பழுப்பு வளையமும் வரவில்லை. எங்கே தப்பு?

கேள்வி: பி.எஸ்சி. மாணவர், காரைக்குடி

வணக்கம். கொடுத்த சால்ட்டில் ஒரு நேரயனி, ஒரு எதிரயனி மட்டும்தான் இருக்கும். எனக்கோ ரெண்டு ரெண்டாக வருகிறது.

சால்ட் வெள்ளை, ஈரம் கோத்துக் கட்டி கட்டியாக இருக்கிறது. தண்ணீரில் முழுக்கக் கரைகிறது. உலர்ந்த குழாயில் சூடாக்கினால் மேல்பக்கம் நீர்த்துளி, பிறகு செம்பழுப்புப் புகை. அடியில் தங்கியது சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை. நீர்த்த அமிலத்தில் நுரை இல்லை.

சால்ட்டைச் சோடியம் கார்பனேட்டோடு கொதிக்கவைத்து வடித்த சாறு எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு அமிலப்படுத்தி, அதையே மூன்று குழாயில் பிரித்தேன். சில்வர் நைட்ரேட் (குளோரைடுக்கு): தயிர் போல வெள்ளை. பேரியம் குளோரைடு (சல்பேட்டுக்கு): லேசான கலங்கல். பழுப்பு வளையம் (நைட்ரேட்டுக்கு): வரவில்லை. நேராக சால்ட்டில் குளோரைடைத் தேடும் குரோமைல் குளோரைடு சோதனையும் வரவில்லை.

நேரயனிக்கு, வினைப்பொருள்களை வரிசையாக விட்டுத் தொகுதி தொகுதியாக வீழ்த்திப் பார்த்தேன்: முதல் தொகுதி இல்லை. இரண்டாம் தொகுதியில் (அமிலத்தில் ஹைட்ரஜன் சல்பைடு) மஞ்சள் கலந்த பால் போல வந்தது, வடிதாளில் நிற்கவில்லை. மூன்றாவதில் (அமோனியம் குளோரைடு, அமோனியா) நல்ல வெள்ளை வீழ்படிவு. அலுமினியம் என்று நினைத்து லிட்மஸ் லேக் சோதனை செய்தால் திரவம் முழுக்க நீலமாகிறது, நீலத் திட்டு தனியாக மிதக்கவில்லை. நான்காவதில் (அமோனியாவோடு ஹைட்ரஜன் சல்பைடு) கொஞ்சம் வெள்ளை. ஐந்தாவதிலும் (அமோனியம் கார்பனேட்) கொஞ்சம் வெள்ளை, அதைக் கால்சியம் என்று எழுதினேன்.

எதை நம்புவது?

பதில்: ஆய்வக உதவியாளர், தேவகோட்டை

தம்பி, சில்வர் நைட்ரேட் விடையை முதலில் அடித்துவிடுங்கள். சாற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியபோதே குளோரைடை நீங்களே போட்டுவிட்டீர்கள். எந்த சால்ட் கொடுத்தாலும் அந்தக் குழாயில் தயிர் போலத்தான் வரும். குரோமைல் குளோரைடு வராததே சாட்சி.

சாற்றை முதலில் பங்கு பிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய அமிலம் விட வேண்டும். சில்வர் நைட்ரேட்டுக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம், பேரியம் குளோரைடுக்கு ஹைட்ரோகுளோரிக், பழுப்பு வளையத்துக்கு நீர்த்த சல்பூரிக். நுரை முழுதும் அடங்கிய பிறகும் இரண்டு சொட்டு கூட விடுங்கள். கார்பனேட் மிச்சம் இருந்தால் சில்வரும் பேரியமும் அதோடு சேர்ந்து வீழ்படிவு கொடுத்து ஏமாற்றும்.

சாற்றுக்கு அளவு: சால்ட் 1 கிராம், சோடியம் கார்பனேட் 3 கிராம், தண்ணீர் 20 மி.லி., 10 நிமிடம் கொதி. வற்ற வற்றத் தண்ணீர் சேர்க்க வேண்டும். என்ன தண்ணீர் எடுத்தீர்கள்?

கேட்டவர்

டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துவிட்டது அண்ணே. குழாய்த் தண்ணீர்தான். நம் ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே, சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு உப்புக் கரிப்பே கிடையாதே?

பதில்: ஆய்வக உதவியாளர், தேவகோட்டை

நாக்குக்கு நல்ல தண்ணீர் வேறு, சில்வர் நைட்ரேட்டுக்கு நல்ல தண்ணீர் வேறு. நிலத்தடி நீர் எதுவானாலும் கால்சியம், மக்னீசியம், குளோரைடு, சல்பேட் கொஞ்சமாவது இருக்கும். உங்கள் ஐந்தாம் தொகுதிக் கால்சியமும் பேரியம் குளோரைடுக் கலங்கலும் அங்கிருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவும் ஆகும்.

பதில்: வேதியியல் விரிவுரையாளர், புதுக்கோட்டை

மழைத் தண்ணீரில் ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து வீடுகளில் முற்றத்து ஓட்டுத் தாழ்வாரத்தில் வழிவதை அண்டாவில் பிடிப்பார்கள். ஓட்டின் தூசியும் சுண்ணாம்புக் காரையும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் அது, கால்சியம் இருக்கும். பித்தளை அண்டாவில் நாள்கணக்கில் நின்றால் செம்பும் துத்தநாகமும் சிறிதளவு இறங்கும். துத்தநாகம் இருக்கிறதா என்று தேடும் இடத்தில் அது கூடவே கூடாது. வெட்டவெளியில் நேராகக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்தால் ஆகும். கேன் தண்ணீர் வேண்டாம், சிலர் சுவைக்கு உப்புச் சேர்க்கிறார்கள்.

எந்தத் தண்ணீரானாலும் 5 மி.லி. எடுத்து இரண்டு சொட்டு நைட்ரிக், இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுக் கறுப்புத் தாளை பின்னால் பிடித்துப் பாருங்கள். துளிக் கலங்கலும் இருக்கக் கூடாது.

இனி முக்கியமானது, மூன்றாம் தொகுதி. தம்பி, லேக் சோதனைக்காக அந்த வெள்ளையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கில் கரைத்தபோது அழுகிய முட்டை வாடை வந்ததா? இரண்டாம் தொகுதி வடிநீரை அடுத்ததற்குப் போகும் முன் கொதிக்க வைத்தீர்களா?

கேட்டவர்

வாடை வந்தது மேடம். பக்கத்தில் ஹைட்ரஜன் சல்பைடு தயாரிக்கும் கிப் கருவி ஓடிக்கொண்டிருந்ததால் அதன் வாடை என்று விட்டுவிட்டேன். வடிநீரைக் கொதிக்க வைக்கவில்லை.

பதில்: வேதியியல் விரிவுரையாளர், புதுக்கோட்டை

அப்படியானால் அது அலுமினியம் ஹைட்ராக்சைடு அல்ல, துத்தநாக சல்பைடு. கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கும்போதே அமோனியா ஊற்றியதால், நான்காம் தொகுதியில் வர வேண்டியது ஒரு படி முன்னாலேயே விழுந்துவிட்டது. அலுமினியம் இல்லாததால்தான் நீலம் ஒட்டிக்கொள்ளத் திட்டும் இல்லை.

கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும். அலுமினிய வீழ்படிவு கஞ்சி ஆடை போலக் கண்ணாடியாக, பாதி ஒளி ஊடுருவ, குழாயைச் சாய்த்தால் மெதுவாக நகரும். துத்தநாக சல்பைடு சுண்ணாம்புப் பால் போல ஒளி புகாமல் இருக்கும். இன்னொன்று: அமோனியம் குளோரைடு குறைந்தாலும் மூன்றாவதில் துத்தநாகம் ஹைட்ராக்சைடாக எட்டிப் பார்க்கும், ஆனால் அமோனியாவை மிகுதியாக விட்டால் கரைந்துவிடும். அலுமினியம் கரையாது.

இரண்டாம் தொகுதியில் வந்த பால் வெறும் கந்தகம். அமிலக் கரைசலில் இருக்கும் நைட்ரேட், ஹைட்ரஜன் சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. மெய்யான காட்மியம் சல்பைடு பளிச்சென்ற மஞ்சளில் திரண்டு அடியில் இறங்கும், வடிதாளில் நிற்கும்.

திரும்பச் செய்யும்போது இப்படிப் போங்கள். சால்ட்டில் அரை கிராம் பீங்கான் கிண்ணத்தில் எடுத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் 1 மி.லி. விட்டு, புகைக்கூண்டுக்குள் சிறு தீயில் வற்றவிடுங்கள். மறுபடி ஒருமுறை. நைட்ரேட்டில் பெரும்பகுதி போய்விடும். முழுக்க உலர்த்திக் கருக விடாதீர்கள், ஈரப் பசையாக இருக்கும்போதே இறக்கிக் கரையுங்கள். இரண்டாம் தொகுதி முடிந்ததும் வடிநீரைக் கொதிக்கவிட்டு, ஆவியில் லெட் அசிட்டேட் தாள் காட்டுங்கள். தாள் கறுப்பது நிற்கும் வரை மூன்றாம் தொகுதிக்குப் போகாதீர்கள். மூக்கை நம்ப வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு அடர்த்தி கூடும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, வாயுவோ அங்கேயேதான் இருக்கும்.

பதில்: ஆய்வக உதவியாளர், தேவகோட்டை

அண்டா விஷயத்தில் மேடம் சொல்வதே சரி, என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.

பழுப்பு வளையத்துக்கு வருகிறேன். அதற்கு விட்ட பெரஸ் சல்பேட் (இரும்பு உப்பு) கரைசல் என்ன நிறத்தில் இருந்தது? மஞ்சளோ பழுப்போ என்றால் கீழே கொட்டுங்கள், பெரிக்காக மாறிவிட்டது, வளையம் வராது. வெளிர்பச்சைப் படிகம் நாலைந்து எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு தடவை அலசி மேல்பொடியைப் போக்கி, புதுத் தண்ணீர் 3 மி.லி., நீர்த்த சல்பூரிக் இரண்டு சொட்டு விட்டு அப்போதே கரையுங்கள். சாறு 2 மி.லி., இது 2 மி.லி. குழாயைச் சாய்த்துப் பிடித்து அடர் சல்பூரிக் 1 மி.லி.யைச் சுவரோடு சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். ஆட்டக் கூடாது. அமிலம் அடியில் தங்க, இரண்டும் சேரும் கோட்டில் வளையம் ஒரு நிமிடத்துக்குள் தெரியும். மேலே சூடு ஏறினால் கலைந்துவிடும், அதனால் சாறு ஆறியிருக்க வேண்டும்.

உங்கள் சால்ட் ஈரமாக இருப்பதே ஒரு துப்பு. துத்தநாக நைட்ரேட்டின் ஆறு நீர் மூலக்கூறு படிகம் காற்றின் ஈரத்தை இழுக்கும், சுமார் 36 டிகிரியிலேயே உருகும். சித்திரை வெயிலில் பாட்டிலுக்குள்ளேயே குழம்பாகிவிடும். சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை என்பது துத்தநாக ஆக்சைடு. அந்த ஒரு வரியிலேயே பாதி விடை வந்துவிட்டது.

கேட்டவர்

பேட்டரி வாட்டரில் திரும்பச் செய்தேன். சில்வர் நைட்ரேட்டும் பேரியம் குளோரைடும் தெளிவு. பழைய பெரஸ் சல்பேட் தேநீர் நிறத்தில் இருந்தது. புதிதில் வளையம் வந்தது. மூன்றாம் தொகுதி தெளிவு, நான்காவதில் வெள்ளை நிறைய. ஆனால் ஐந்தாவதில் இன்னும் மெல்லிய கலங்கல். உறுதிப்படுத்தப் பொட்டாசியம் பெர்ரோசயனைடு விட்டால் அழுக்கு நீலமாக வருகிறது.

பதில்: வேதியியல் விரிவுரையாளர், புதுக்கோட்டை

நீலம் இரும்பினால், துத்தநாகத்துக்கு வெள்ளையோ லேசான நீல வெள்ளையோதான் வர வேண்டும். ஹைட்ரோகுளோரிக் பாட்டில் மஞ்சளாக இருக்கிறதா பாருங்கள், மட்ட ரக அமிலத்தில் இரும்பு இருக்கும். சாம்பல் சோதனை இதைவிட நம்பகமானது. நான்காம் தொகுதி வீழ்படிவை நீர்த்த நைட்ரிக்கில் கரைத்து வடிதாள் துண்டை நனைத்து, கோபால்ட் நைட்ரேட் நீர்த்த கரைசல் ஒரே ஒரு சொட்டு விட்டு எரியுங்கள். சாம்பல் பச்சை என்றால் துத்தநாகம். கோபால்ட் கூடினால் சாம்பல் கறுத்து எதுவும் தெரியாது.

ஐந்தாவதுக்கு வெற்றுச் சோதனை வையுங்கள். சால்ட் மட்டும் போடாமல், அதே தண்ணீர், அதே அமிலம், அதே அமோனியா, அதே அமோனியம் கார்பனேட், அதே அளவு, அதே வரிசை. இரண்டு குழாயையும் ஜன்னல் பக்கம் சேர்த்துப் பிடியுங்கள்.

கேட்டவர்

சாம்பல் பச்சை. வெற்றுக் குழாயிலும் அதே கலங்கல், இரண்டும் ஒரே மாதிரி. நான்காவதில் துத்தநாகம், எதிரயனி நைட்ரேட் என்று எழுதிவிட்டேன்.

பதில்: ஆய்வக உதவியாளர், தேவகோட்டை

அமோனியம் கார்பனேட் பாட்டிலை மாற்றி அந்த வெற்றுக் குழாயை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள் தம்பி, அடுத்த சால்ட்டுக்கு அதே பாட்டிலைத்தான் எடுக்கப்போகிறீர்கள்.