சென்னையில் நாய்க்கு மூளை எம்ஆர்ஐ: தண்ணீரை நிறுத்த முடியாத கேஸ், உதவி தேவை

லேப்ரடார், ஆண், 8 வயது, 30 கிலோ. வேளச்சேரி. ஆறு வாரமாக ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர் குடிக்கிறான் (கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனாலே அதிகம்). சிறுநீர் அடர்த்தி 1.003, கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி. சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்), கால்சியம் நார்மல், குஷிங் (கார்டிசோல் ஹார்மோன் அதிகமாகும் நோய்) டெஸ்ட் நெகட்டிவ்.

மூன்று வாரம் முன்பு ஒரு இரவு தண்ணீர்ப் பாத்திரம் காலியாகவே இருந்துவிட்டது. காலையில் வலிப்பு, ரத்தத்தில் சோடியம் 168, மிக அதிகம். டிரிப்பில் அதை மணிக்கு 0.5க்கு மேல் இறங்காதபடி மெதுவாக இறக்கினார்கள்; வேகமாக இறக்கினால் மூளை வீங்கும்.

பிறகு டெஸ்மோபிரெசின் (சிறுநீரில் தண்ணீர் வீணாகாமல் காக்கும் பிட்யூட்டரி ஹார்மோனுக்கு மாற்று) சொட்டு, கண்ணில், காலை மாலை 2 சொட்டு. நான்கு நாளில் அடர்த்தி 1.024, தண்ணீர் 2 லிட்டர், சோடியம் 149. ஆக, கோளாறு சிறுநீரகத்தில் இல்லை, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பக்கம்தான். வலிப்புக்கு லெவெடிராசெட்டம் 20 மி.கி./கிலோ, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இன்னொரு வலிப்பு மருந்தான பீனோபார்பிட்டால் வேண்டாம் என்றோம். அதுவே தாகத்தைக் கூட்டும், கணக்கே குழம்பிவிடும்.

பத்து நாளாக இடப்பக்கமாகவே சுற்றுகிறான், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறான். கட்டியா என்று பார்க்க எம்ஆர்ஐ வேண்டும்.

சிக்கல் இதுதான்: விசாரித்த இரண்டு இடத்திலும் மயக்க மருந்துக்கு முன் இரவு முழுக்கத் தண்ணீர் தரக்கூடாது என்கிறார்கள். சாப்பாட்டை நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தினால் சோடியம் மறுபடி ஏறிவிடும்.

காலை முதல் கேஸாக எடுத்து, டிரிப் போட்டு, முன்னும் பின்னும் சோடியம் பார்த்து நாய்க்கு எம்ஆர்ஐ செய்யும் இடம் சென்னையில் எது?