பிரிப்ஸ் பட்டியலில் 1022 வரவேண்டிய இடத்தில் 916 வருது, ஏன்?

கருந்திரை:
172.16.8.0/22 (அதாவது 172.16.8.0 முதல் 172.16.11.255 வரை, 1024 முகவரி) முழுக்க ஐபி முகவரிகளை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எடுத்து, பல முகவரிகளை ஒரே தடவையில் பிங் செய்யும் எஃப்பிங்குக்குக் கொடுக்கணும். நெட்வொர்க், பிராட்காஸ்ட் முகவரிகள் (முதலும் கடைசியும்) வேண்டாம். உபுண்டுவில் போட்ட கட்டளை (பிரிப்ஸ் முகவரிகளை வரிசையா எழுதும், கிரெப் -வி பொருந்தும் வரிகளை நீக்கும்):

பிரிப்ஸ் 172.16.8.0/22 | கிரெப் -வி '.0$' | கிரெப் -வி '.255$'

எண்ணிப் பார்த்தால் 916 வரிதான். 1022 இருக்கணுமே? 172.16.8.1 முதல் 8.20 வரை ரவுட்டர், சுவிட்ச், அதையும் விடணும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் 14 பிரிண்டர்களின் முகவரி தனிக் கோப்பில் இருக்கு.

வலைக்கண்ணி:
பிரிப்ஸ் மேல் தப்பில்லை, அது 1024 வரியையும் ஒழுங்காகத் தருகிறது. கிரெப்புக்குப் புள்ளி என்றால் "ஏதோ ஓர் எழுத்து". அதனால் .0 மட்டுமல்ல, 10, 20, 30 என்று 250 வரை பூஜ்யத்தில் முடியும் அத்தனையும் போய்விட்டது. 256-க்கு 26 வீதம் நாலு தடவை 104, கூடவே .255 நாலு. 1024-இல் 108 போனால் 916.

புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டாலும் 1016-தான் வரும். 8.255, 9.0, 9.255, 10.0, 10.255, 11.0 ஆறும் /22-இல் கணினிக்குத் தாராளமாகக் கொடுக்கக்கூடிய முகவரிகள். .0-வும் .255-உம் ஆகாது என்பது 256 முகவரி மட்டுமே உள்ள /24-இல் ஊறிய பழக்கம். இங்கே தள்ளவேண்டியவை 8.0, 11.255 இரண்டே.

வடிகட்டாமல் இரண்டு முனையையும் கொடுத்துவிடுங்கள்:

பிரிப்ஸ் 172.16.8.21 172.16.11.254

முனைகளும் சேர்த்து 1002 வரும்.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
பிரிண்டர்களைக் கழிக்க கிரெப்பில் வி, எக்ஸ், பெரிய எஃப் மூன்றையும் போட்டு, கடைசியில் சிறிய எஃப், பிறகு கோப்பின் பெயர். பெரிய எஃப் இருந்தால் புள்ளி வெறும் புள்ளி. முழு வரியும் பொருந்தினால் மட்டும் நீக்கச் சொல்வது எக்ஸ், அதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், கோப்பில் 172.16.9.2 என்று ஒரு வரி இருந்தாலே 9.20 முதல் 9.29 வரையும் 9.200 முதல் 9.255 வரையும் சேர்ந்து காலி. ஒரு பிரிண்டருக்கு 67 வரி போகும்.

கருந்திரை:
1002 சரியா வந்தது. நீங்க சொன்ன மாதிரியே கழிச்சேன், அப்பவும் 1002. ஒரு பிரிண்டர்கூடப் போகலை. அந்தக் கோப்பு விண்டோஸ் நோட்பேடில் சேமிச்சது, அதனாலயா?

நள்ளிரவு_ஷிஃப்ட்:
அதேதான். நோட்பேட் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கும். முழு வரியும் பொருந்தணும் என்று எக்ஸ் கேட்பதால் எதுவுமே பொருந்தாது. அந்த எழுத்தை நீக்கும் டாஸ்டுயூனிக்ஸ் கட்டளையைக் கோப்பின் மேல் ஓட்டிவிட்டு மறுபடி கழியுங்கள், 988 வரணும்.

வலைக்கண்ணி:
பிரிப்ஸ் நிறுவ அனுமதியில்லாத மெஷினில், எண்களை வரிசையாகத் தரும் செக் கட்டளையை வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் அழகுக்காக டபிள்யூ போட்டு எண்களை ஒரே அகலமாக்காதீர்கள். முன்னால் பூஜ்யம் இருந்தால் லினக்ஸ் அதை எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாக எடுக்கும், 010 என்றால் 8. 9.010-க்கு பிங் கொடுத்தால் பதில் 9.8-இலிருந்து வரும், பிழைச்செய்தி ஒன்றும் காட்டாது.

கழிக்க எதுவும் இல்லாத நாளில் பட்டியலே தேவையில்லை. எஃப்பிங்கில் ஜி போட்டு /22-ஐ நேராகக் கொடுத்தால் இரண்டு முனைகளையும் அதுவே விட்டுவிடும். உயிரோடு இருப்பவை மட்டும் வேண்டுமென்றால் ஏ-யும் சேருங்கள்.